பூந்தொட்டிக்குத் தண்ணீர்

பேசாத படங்களுக்கு நான் வாய் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. புதுச்சேரியில் எங்கள் கொட்டகைக்கு வரும் படங்களில் எழுத்தெல்லாம் பிரெஞ்சில் இருக்கும். திரைக்குப் பக்கத்தில் நின்று, தகரக் குழலை வாயில் வைத்துத் தமிழில் கதை சொல்வது என் வேலை. மெட்ராஸில் படமே பேச ஆரம்பித்துவிட்டது என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பயத்தில்தானோ என்னவோ, அதிகமாகப் பேசினேன். விஞ்ஞானப் படம் வந்தால் போதும், இது இன்ன படத்தில் திருடியது என்று குழலில் முழங்குவேன். கொதிக்கும் கண்ணாடிக் குடுவை, மின்னல், தலைவிரி கோலமாக ஒரு டாக்டர், செய்தவனையே அடிக்க வரும் இயந்திர மனிதன், எல்லாமே எனக்குத் திருட்டுதான். உண்மையில் அவை சாம்பாருக்குப் பருப்பு மாதிரி; யாரும் யாரிடமும் எடுத்ததில்லை. முதலாளி ஒருநாள் கூப்பிட்டார்.

"எதுலேர்ந்து எடுத்தான்னு நீ சொன்னா எவன் வருவான்? இன்னொரு தடவ சொன்னே, வேற ஆளப் பாத்துக்குவேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய் வந்த குடும்பங்கள் பெஞ்சிலும் மில் ஆட்கள் தரையிலுமாகக் கொட்டகை நிரம்பியிருந்தது. முதலாளி பின்னால் நின்றார். திரையில் இயந்திர மனிதன் கதவை உடைத்துக்கொண்டிருந்தான். தப்பி ஓடிய டாக்டர் பாதி வழியில் திரும்பி வந்து, ஜன்னலில் இருந்த விளிம்பு உடைந்த பூந்தொட்டிக்கு நிதானமாகத் தண்ணீர் ஊற்றினார். எனக்குப் புல்லரித்துவிட்டது. சில வருஷங்களுக்கு முன் இங்கேயே ஓடிய ஒரு நிலாப் பயணப் படத்தில், கிளம்பும் முன் கிழட்டு டாக்டர் செய்தது இதைத்தான். தொட்டியின் விளிம்பும் அப்படியே உடைந்திருந்தது. இந்தக் கதைக்குத் தொட்டியே தேவையில்லை. திருடியவன் மறைப்பான்; இவன் நிறுத்தி நிதானமாகக் காட்டுகிறான். தெரிந்தே போட்ட கும்பிடு அது.

சொல்ல நாக்கு துடித்தது. முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குழலை இறக்கிவிட்டேன்.

தரையிலிருந்து ஒரு மில்காரர் பக்கத்து ஆளிடம் உரக்கச் சொன்னார். "டேய், அந்த நிலாப் படத்துத் தொட்டிடா. பழைய டாக்டருக்கு இவன் கும்புடு போடறான்."

கொட்டகை முழுக்கக் கை தட்டியது. சந்தோஷப்பட வேண்டிய நான் குழலை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

படம் முடிந்ததும் முதலாளி சிரித்துக்கொண்டே வந்து என் கையிலிருந்த குழலை வாங்கினார்.

"நீ வாயே தொறக்கல, சனத்துக்கு எல்லாம் வெளங்கிடுச்சு பாத்தியா."

பாராட்டாகத்தான் சொன்னார். குழலைத் திருப்பித் தருவாரா என்று அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.