கதவுக்குப் பின்னால் நின்று சட்டசபையைக் கேள்வி கேட்டவர்

மேலூரிலிருந்து வந்த வண்டிக்காரர் வாசலில் தயங்கி நின்றார். அண்ணன் வீட்டிலிருந்து ஆள் வந்தாலே எனக்குப் பயம். அண்ணன் உழுகிற நிலம் கைவிட்டுப் போயிற்று என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "உங்க மதினி தவறிட்டாக" என்றார்.

சௌந்திரம் மதினியை அறிந்த உங்களுக்கு அந்தச் சுவரும் தெரிந்திருக்கும். அதன் கதை வெள்ளைக்காரர் காலத்துத் தேர்தலில் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களுக்கும் ஓட்டு என்றார்கள். ஐந்தாம் வகுப்புப் படித்த எனக்கும் கிடைத்தது, மதினிக்கும் கிடைத்தது. சட்டசபைக்கு நின்று, கால்வாயின் கடைமடைக்குத் தண்ணீர் கேட்பதாகச் சொன்ன மிராசுதாருக்கே போட்டோம். அண்ணன் விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுததும் அவர் நிலம்தான்.

அவர் ஜெயித்துச் சென்னைக்குப் போனபின் மதினி விடவில்லை. மணியக்காரர் வீட்டில் படித்து முடித்த பத்திரிகை மறுநாள் மதினி கைக்கு வரும். பால்காரி கணக்குக்குச் சுவரில் புள்ளி வைப்பாளே, அதுபோலத் தெருச்சுவரில் வைப்பார். மிராசுதார் சபையில் தண்ணீரைப் பற்றிப் பேசினால் சுண்ணாம்பு. வேறு எதையாவது பேசினால் கரி. தன் மோட்டார் போகிற ரோட்டைப் பற்றித்தான் ஐயா அதிகம் பேசினார். "என்ன மதினி, இன்னைக்கும் கரிதானா?" என்று போகிறவர்கள் சிரிப்பார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐயா பார்த்தால் நிலம் போய்விடுமே என்று அழித்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். "தண்ணி இல்லாத நிலத்த வச்சு என்ன தாயி செய்ய?" என்றார்.

ஆடிக்கு நான் அங்கே போயிருந்தபோது, ஐயாவின் மோட்டார் வந்து அந்தச் சுவரோரமே நின்றது. அண்ணன் வயலில். வாழவந்த பெண் மிராசுதாரிடம் முகம் பார்த்துப் பேசக் கூடாது. ஊரில் பிறந்தவள் பேசலாம். மதினி கதவுக்குப் பின்னால் நின்று சொல்ல, நான் அவர் முன்னால் நின்று சொல்ல வேண்டியதாயிற்று. சுவரைக் காட்டி இது என்ன என்று கேட்டார். மதினி சொன்னதைச் சொன்னேன். கரி எதற்கு என்றார். "ரோட்டுக்குன்னு சொல்லு" என்றது கதவு. திக்கித் திணறிச் சொல்லிவிட்டேன்.

"பாப்போம்" என்று ஏறிப் போனார். நிலத்தைப் பிடுங்கவும் இல்லை. பிடுங்கமாட்டேன் என்று சொல்லவும் இல்லை. இந்த அறுப்போடு போய்விடுமோ என்று ஒவ்வொரு அறுப்புக்கும் பயந்தேன். சபையின் அடுத்த கூட்டத்தில் தண்ணீர் பற்றிக் கேட்டார். பத்திரிகையில் இரண்டே வரி. அவர் பயந்துவிட்டார் என்றேன். மதினி ஒத்துக்கொள்ளவில்லை. "அவரு பயந்தாரோ என்னமோ. நீ பயந்துக்கிட்டேதான சொன்ன?"

கருமாதியன்று மிராசுதாரின் கணக்கப்பிள்ளை வந்தார். அண்ணனுக்கும் தள்ளாமை வந்துவிட்டது, இனி யார் உழுவது என்று ஐயா கேட்கச் சொன்னாராம். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன். கதவுக்குப் பின்னால் எடுத்துக் கொடுக்க யாரும் இல்லை.

"எங்க அண்ணே மகன் உழுவான். இந்த வருசமும் கடைமடைக்குத் தண்ணி வரல. அதையும் ஐயாட்ட சொல்லிருங்க."

கணக்கப்பிள்ளை எழுந்து போனார். என்ன பதில் வருமோ, இன்னும் தெரியாது. மதினியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இதுதான்: குரல் நடுங்கினாலும் சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்தாமல் சொல்லி முடிப்பது.