றுக்கியா வசித்த வினைச்சொல்

குருமடத்தில் ஏழு வருடம் லத்தீன் படித்தும் குருவாகாமல் வெளியே வந்தவன் நான், இன்னாசிப்பிள்ளை. புத்தளத்தில் அரச அலுவலகங்களுக்கு எதிரே மேசையும் கதிரையும் போட்டு மனு எழுதுகிறேன். படித்தவன் என்ற தலைக்கனம் உண்டு. அதனால் அடிபட்டவர் தில்லையடி றுக்கியா.

தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை மன்னாரிலிருந்து விரட்டியபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. புத்தளத்துத் தில்லையடியில் ஓலைக் கொட்டிலில் தொடங்கி, இடியப்பம் அவித்து விற்று, மகள் முஃப்லிஹாவைத் தனியே வளர்த்துக் கட்டிக்கொடுத்தார். யுத்தம் முடிந்து மூன்றாம் வருடம் என்னிடம் வந்தார். மன்னாரில் வாப்பாவின் வீட்டு வளவு பற்றை மண்டிக் கிடக்கிறது, அங்கே வசிப்பதாகக் காட்டினால் வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு கிடைக்கும் என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. வசிப்பதற்கு லத்தீனில் ‘ஹாபித்தாரே’. அது ‘ஹாபேரே’யிலிருந்து பிறந்தது, ஹாபேரே என்றால் தன்னிடம் வைத்திருத்தல். ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்வதைச் சொல்ல அந்த மொழியில் வினையை இப்படி நீட்டுவார்கள். ஆகவே வசிப்பது என்பது விடாமல் வைத்துக்கொண்டே இருப்பது. இவ்வளவையும் அந்த மனுஷியிடம் விளக்கினேன்.

"தங்கச்சி, மாசாமாசம் போய் அடுப்பு மூட்டுங்க. கொடியில உடுப்புக் காயப்போடுங்க," என்றேன். மன்னாரில்தான் வசிப்பதாகச் சத்தியக்கடதாசியும் எழுதிக் கொடுத்தேன்.

பதினொரு மாதம் போனார். விடிய பஸ் ஏறி, வளவில் போட்ட தகரக் கொட்டிலில் சோறாக்கி, சீலையொன்றைக் கொடியில் விட்டுவிட்டுத் திரும்புவார். இடுப்பு வலியோடும் போனார்.

பார்வையிட வந்த அதிகாரி சீலையைப் பார்க்கவில்லை. அடுப்புச் சாம்பலில் விரலை விட்டாராம். ஒழுகிய மழையில் அது இறுகிக் கிடந்தது. இங்கே வசிக்கவில்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அதற்குள் நான் எழுதிய சத்தியக்கடதாசியின் பிரதி புத்தளத்துக்கு வந்திருந்தது. மன்னாரில் வசிப்பவர் என்று இங்கேயும் வாக்காளர் இடாப்பில் பெயரை வெட்டிவிட்டார்கள்.

வீடு மறுத்த கடிதத்தையும் பெயர் வெட்டிய கடிதத்தையும் றுக்கியா என் மேசையில் வைத்தார். பிழை என்னுடையது என்றேன். அவர் ஏசவில்லை; ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

புது மனுவுக்குத் தாள் எடுத்தேன். முகவரி எழுதும் இடத்தில் பேனை நின்றது. மன்னார் என்று எழுதினால் அந்த அதிகாரியின் அறிக்கை மறிக்கும். தில்லையடி என்று எழுதினால் சத்தியக்கடதாசியில் றுக்கியா வைத்த கையெழுத்தே மறிக்கும்.

"நான் ரெண்டு இடத்திலயும் இல்லையாம் மாஸ்டர்," என்றார் றுக்கியா. "அப்ப இவ்வளவு நாளும் பஸ்ஸில போய்வந்தது ஆரு?"