இரண்டு நீலப் பிளேயர்களோடு திருமழிசைக்கு

உலகத்தைச் சுற்றிவந்த மாலுமிகள்கூட என்னளவு திகிலோடு வீட்டை விட்டுக் கிளம்பியிருக்க மாட்டார்கள். போன சனிக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு மண்ணூர்பேட்டையிலிருந்து திருமழிசைக்குப் புறப்பட்டேன். நான் போனது ஆவடியைச் சுற்றிக்கொண்டு, மொத்தம் இருபத்தேழு கிலோமீட்டர். ஏன் சுற்றினேன் என்றால், அதற்கு முதலில் என் மச்சானைப் பற்றிச் சொல்லவேண்டும்.

என் மனைவி வசந்தாவின் தம்பி தனசேகர், எங்களுக்குத் தனா, திருமழிசையில் இருக்கிறான். வருகிற வெள்ளிக்கிழமை அவன் மகளுக்கு நிச்சயதார்த்தம். பத்திரிகை வந்தது. உறையின்மேல் வசந்தாவின் பெயர் மட்டும். பெண்ணுக்கு மாமாவாகிய எனக்கு அதில் ஒரு புள்ளி அளவுகூட இடமில்லை. அவனும் நானும் பேசிப் பதினேழு வருடம் ஆகிறது. காரணம், கட்டைவிரல் நீளத்தில் ஒரு எம்பி3 பிளேயர்.

அந்தக் காலத்தில் நாங்கள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே பட்டறையில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்றோம். ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே நீல நிறத்தில் ஆளுக்கொரு பிளேயர் வாங்கினோம். எஸ்டேட் வாசலில் இருந்த கடையில் ஆளுக்கு முப்பது பாட்டு ஏற்றிக்கொண்டோம். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் உள்ளே நுழைந்தபோது மெஷின்களே எழுந்து நின்று வணக்கம் வைத்தன. ஒரே மாதத்தில் என்னுடையது காணாமல் போயிற்று. தனாவின் சட்டைப் பையிலோ நீலமாக ஒன்று எட்டிப் பார்த்தது.

ஒரு கல்யாணப் பந்தியில், சொந்தக்காரர் அத்தனை பேர் காதிலும் விழும்படி, என்னுடையதை எடுத்து வைத்துக்கொண்டு உன்னுடையது என்கிறாயா என்று கேட்டுவிட்டேன். அவன் பிளேயரை என் இலையோரம் வைத்தான், கை கழுவினான், போய்விட்டான். அவன் வைத்த விதம் பிடிக்காமல் நானும் அதை ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. பீரோவில் போட்டுப் பூட்டிவிட்டேன்.

போன வாரம் பழைய டூட்டிப் பையைக் குப்பையில் போடுமுன் உதறினேன். கிழிந்த உள்துணியிலிருந்து நீலமாக ஒன்று தரையில் விழுந்தது.

வசந்தா அதைப் பார்த்தாள். பீரோவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "என் தம்பி உன்னாண்ட பேசினா வெள்ளிக்கெழம ரெண்டு பேரும் போலாம். இல்லாட்டி நீ ஊட்லயே குந்து, நான் மட்டும் போறேன்," என்றாள்.

இதுதான் பயணத்தின் நோக்கம். இனி வழி. மண்ணூர்பேட்டையிலிருந்து அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய், பதினெட்டு நிமிடம். மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஐந்து பேர் உட்கார்ந்தோம். ஆறாமவர் எங்கே உட்கார்ந்தார் என்பதை விஞ்ஞானம்தான் சொல்லவேண்டும். ஒன்பது ஐம்பது ரயில். டிக்கெட் ஐந்து ரூபாய். திருமுல்லைவாயல், அண்ணனூர், அடுத்தது ஆவடி. நின்றுகொண்டே போனாலும் கால் வலிப்பதற்குள் வந்துவிடும்.

ஆவடியில் ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடையில் கற்பகம் என்ற பெண் செல்போன் பழுது பார்க்கிறாள். பழைய சாமான்களைத் தொட மறுக்காத கடை அது ஒன்றுதான் என்று விசாரித்து வைத்திருந்தேன். தனாவின் பிளேயரைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தாள்.

"இன்னா அங்கிள், உள்ள பாசி புடிச்சிகீது."

பேட்டரியைக் கழற்றாமல் பூட்டி வைத்திருக்கிறேன். அது கசிந்து பச்சையாகப் பூத்திருந்தது. அவள் ஏதோ திரவம் தொட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். காத்திருந்த நேரத்தில் பார்க்கச் சொல்லி ஒரு பிஸ்கட் டின்னை என் பக்கம் தள்ளினாள். உதிரி பாகத்துக்காகச் சேர்த்து வைத்த செத்த பிளேயர்கள். புதைந்துபோன நகரங்களைத் தோண்டியவர்கள்கூட இவ்வளவு ஒழுங்கான அடுக்குகளைப் பார்த்ததில்லை.

அடியில் கிடந்தது, போன நூற்றாண்டு முடியும் தறுவாயில் கொரியாவில் தொடங்கிய வம்சத்தைச் சேர்ந்தது. மிஞ்சினால் ஒரு மணி நேரப் பாட்டு கொள்ளும். அதன்மேல் செங்கல் கனத்தில் ஒன்று. உள்ளே குட்டி ஹார்ட் டிஸ்க் சுற்றும். ஆயிரம் பாட்டு பிடிக்கும், கீழே போட்டால் ஆயிரமும் போகும். அதன்மேல் நடுவில் சக்கரம் வைத்த வெள்ளைப் பெட்டி. அதை வைத்திருந்தவர்களின் கால் தரையில் பட்டதாகச் சரித்திரமே இல்லை. பிறகு எங்கள் நீல வம்சம், பென் டிரைவுக்குக் காது முளைத்த மாதிரி. பிறகு தீப்பெட்டித் திரையில் படமும் காட்டிய சீனச் சரக்கு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு செல்போன். கீழே இருப்பவை அனைத்தையும் விழுங்கி ஏப்பம் விட்டது அதுதான்.

இருபது நிமிடம் கழித்து கற்பகம் கையை விரித்தாள். தனாவின் பிளேயரில் உள்தகடே அரித்துப் போயிருந்தது. என்னுடையதில் பேட்டரி இல்லை. டூட்டி முடிந்ததும் கழற்றி வைப்பது என் வழக்கம். புதிதாக ஒன்று போட்டாள், நீல விளக்கு எரிந்தது. பாட்டும் வந்தது. கூலி ஐம்பது ரூபாய். இந்த மாடல் பெயர் வரிசையில் பாடாது, எந்த வரிசையில் ஏற்றினார்களோ அந்த வரிசையில்தான் பாடும் என்றும் சொன்னாள். அது எனக்கு எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். ஏனென்றால் அந்த நொடியில் என் மூளையில் ஒரு மகத்தான திட்டம் உதித்துவிட்டது. இரண்டும் ஒரே நீலம். உயிரோடு இருப்பதைத் தனாவிடம் கொடுத்து, இதுதான் உன்னுடையது, பத்திரமாகக் காப்பாற்றினேன் என்று சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது?

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு பஸ், பதினைந்து ரூபாய், பத்து கிலோமீட்டர், நாற்பத்தைந்து நிமிடம். இடது பக்க ஜன்னல் வேண்டாம், வெயில். பூந்தமல்லியில் ஒரு டீ குடித்துவிட்டு, நெடுஞ்சாலையில் மேற்கே போகும் பஸ்ஸில் திருமழிசை, ஐந்து கிலோமீட்டர், பத்து ரூபாய். இறங்கியபோது மணி பன்னிரண்டே கால்.

தனா வாசல் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான், பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை. அவன் மனைவி தண்ணீர் கொடுத்தாள். நான் பிளேயரை நீட்டி, பீரோவில் கண்போல வைத்திருந்ததாகப் பேச ஆரம்பித்தேன். என்னுடையது பையில் கிடைத்துவிட்டது, இது உன்னுடையது, தப்பாக நினைத்துவிட்டேன் என்றேன். பாதி உண்மை, பாதி என் கைவண்ணம்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு காதில் மாட்டினான். முதல் பாட்டு. தள்ளினான், இரண்டாவது. மூன்றாவதில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"இது உன்னுது."

பதினேழு வருடத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை, பொய்யைப் பிடித்த வார்த்தை.

"மூணாவது குத்துப் பாட்டு வருது. எனக்கு மூணாவது சோகப் பாட்டு. அடுத்து உனக்கு அம்மன் பாட்டு வரும், பாதில அறுந்துபூடும். என் பேட்டரி தீந்தா உன்னுதுல ஒரு காது குடுப்ப இல்ல? கேட்டுக் கேட்டு மனப்பாடம். என்னுது எங்க மாமா?"

தள்ளிப் பார்த்தேன். அம்மன் பாட்டு வந்தது. பாதியில் அறுந்தது. சட்டைப் பையிலிருந்து மற்றதை எடுத்துக் கொடுத்தேன். அவன் மூடியைத் திறந்து மிச்சமிருந்த பச்சையைப் பார்த்தான்.

"பேட்டரிய கழட்டி வெக்கணும்னு எனக்கு கத்துக் குடுத்ததே நீதான."

எத்தனையோ அலங்கார வார்த்தைகள் வைத்திருந்தேன். அத்தனையையும் மூட்டை கட்டினேன். "அன்னிக்கு சொன்னதும் பொய்யி, இன்னிக்கு சொன்னதும் பொய்யி. தப்பு என்னுது மச்சான்," என்றேன்.

அதன்பிறகு அவன் நாற்பது நிமிடம் திட்டினான். பதினேழு வருடச் சேமிப்பு. சின்னப் பிளேயர் தாங்காது, ஹார்ட் டிஸ்க் வேண்டும். நான் ஒன்றையும் தள்ளாமல் வரிசையாகக் கேட்டேன். முடித்துவிட்டு, செத்த பிளேயரைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். என்னுடையதை என் கையில் வைத்தான். "குந்து, துண்ணுட்டுப் போ," என்றான்.

திரும்பும் பஸ்ஸில் வசந்தா போன் செய்தாள். பேசினானா என்று கேட்டாள். நாற்பது நிமிடம் திட்டினான் என்றேன். "அப்ப வெள்ளிக்கெழமைக்கு உன் வெள்ள சட்டைய எடுத்து வெக்கிறேன்," என்று வைத்துவிட்டாள்.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்கு: போக ஐம்பது ரூபாய், சில்லறையாக வைத்திருங்கள். காலை பத்து மணிக்குள் ஆவடியைப் பிடித்தால் வெயிலுக்குமுன் பூந்தமல்லி. பழைய பிளேயர் எதுவும் வீட்டில் இருந்தால் இன்றைக்கே பேட்டரியைக் கழற்றி வையுங்கள். அது யாருடையது என்று சந்தேகம் வந்தால், வாயைத் திறக்குமுன் மூன்றாவது பாட்டு வரைக்கும் கேளுங்கள்.