மூன்று சென்டிமீட்டர் முடி

என் ஆராய்ச்சிக்கு வேண்டியிருந்தது ஒவ்வொருவர் பின்னந்தலையிலிருந்தும் பென்சில் கனத்துக்கு ஒரு கற்றை முடி. அதை மண்டையை ஒட்டி வெட்ட வேண்டும். பனியன் கம்பெனிப் பெண்களிடம் போய்க் கேட்கப்போகிறேன் என்றதும் ஆய்வகத்தில் சிரித்தார்கள்.

நெருக்கடி வரும்போது சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்டிசால் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கின்றன. ரத்தத்தில் பார்த்தால் அந்த நேரத்து அளவுதான் தெரியும். முடியில் அது மெல்ல மெல்லச் சேர்கிறது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். மூன்று சென்டிமீட்டர் கிடைத்தால் ஓர் உடம்பு கடந்த மூன்று மாதத்தை எப்படித் தாங்கியது என்று ஓரளவு படித்துவிடலாம்.

என் பெரியப்பாவுக்கு நெருப்பெரிச்சல் என்ற ஊரில் பனியன் தையல் யூனிட் இருந்தது. கேட்டவுடன் அனுமதி தந்தார். தம்பி மகள் விஞ்ஞானி என்பதில் அவருக்குப் பெருமை.

முதல் நாள் டீ இடைவேளையில் பெண்களிடம் விளக்கினேன். ஒருவரும் அசையவில்லை.

"முடியக் குடுத்தா அத வெச்சு என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டார் ஓர் அக்கா. மூலனூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். பிளாட்லாக் மெஷினில் தைப்பவர். கொண்டையெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். முடிவு அவரவருக்கு மட்டும் தெரியும், பெயரை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்றும் சொன்னேன்.

"ஓனருக்குங்கூடவா?"

"அவருக்குங்கூடத்தாங்க்கா."

அவர் திரும்பி உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தார். அடுத்த சில நாட்களில் அவர் உட்கார்ந்து தைக்கும் லைனில் பாதிப் பேர் முடி கொடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகுதான் பெரியப்பா ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"கண்ணு, ஆருக்கு டென்சன் சாஸ்தின்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடு. ஷிப்மென்ட் டைம்ல அந்த மாதிரி ஆளுகள வெச்சு ஓட்ட முடியாது."

"பேரு தர முடியாதுங்க பெரிப்பா. தர மாட்டேன்னு சொல்லித்தான் வாங்கியிருக்கேன்."

"உன்னைய உள்ள உட்டது ஆரு?"

"நீங்கதானுங்க. ஆனா முடி குடுத்தது அவங்க."

அவர் குரலை உயர்த்தவில்லை. இனி கம்பெனிக்குள் வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார். எழுந்து பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். என் அட்ரினல் சுரப்பிகளும் வேலை செய்துகொண்டுதான் இருந்தன.

வீட்டுக்கு வருவதற்குள் அப்பாவுக்குத் தகவல் போய்விட்டது. "ஒரு லிஸ்ட்டுதானே, குடுத்துட்டுப் போ. இதுக்காகச் சொந்தத்த முறிச்சுக்குவாங்களா?" என்றார். அது என் வேலை, என் வாக்கு, யார் கேட்டாலும் பதில் இதுதான் என்றேன். அன்று அவர் என்னோடு சாப்பிட உட்காரவில்லை.

மறுநாள் சாயங்காலம் கம்பெனி கேட்டுக்கு வெளியே காத்திருந்து, அந்த அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். இனி முடி எடுக்க முடியாது, வேண்டுமென்றால் ஏற்கெனவே கொடுத்ததையும் திருப்பித் தருகிறேன் என்றேன்.

அவர் டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "கம்பெனிக்குள்ளதானே வரக்கூடாதுன்னாங்க? தலை எங்ககிட்டத்தானுங்க இருக்குது. ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வாங்க."

போனேன். ஒரே வரிசையில் ஐந்தாறு லைன் வீடுகள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். பயந்து வராதவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். வெட்டிய கற்றையை நூலால் கட்டி, மண்டைப் பக்கம் எது என்று குறித்து, அலுமினியத் தாளில் மடித்தேன். பெயருக்குப் பதில் எண் மட்டும் எழுதினேன்; எந்த எண் யாருடையது என்ற குறிப்பு என்னிடம் மட்டும் இருந்தது.

சில மாதங்கள் கழித்து முடிவுகளோடு அதே வாசலுக்குப் போனேன். ஷிப்மென்ட் நெருக்கிய மாதத்தில் வளர்ந்த துண்டில் அந்த அக்காவுக்குக் கார்டிசால் ஏறியிருந்தது. அடுத்த மாதத் துண்டில் இறங்கியிருந்தது. பலருக்கும் அப்படித்தான். ஏறியதற்கு ஷிப்மென்ட்தான் காரணம் என்று முடியை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன்.

அவர் முடிவு எழுதிய தாளை வாங்கி, ஏறிய இடத்தில் விரலை வைத்தார். "தூக்கமில்லீங்க, நெஞ்சு படபடங்குதுன்னு கம்பெனி டாக்டர்ட்ட சொன்னேன். நீயா எதாச்சும் நெனச்சுக்காதன்னுட்டார். நானா நெனச்சா இது ஏறுமுங்களா?"

"உடம்புல நெசமாவே இருந்திருக்குதுங்க்கா."

அடுத்த ஷிப்மென்ட் சமயத்தில், வாரக்கணக்காக நீளும் ஓவர்டைமுக்கு அவர் மறுத்துவிட்டார். கூடவே அந்த லைனில் இன்னும் மூன்று பேர். நீக்குவோம் என்று மிரட்டினார்கள். கைத்திருத்தமான தையல்காரர்கள் கிடைக்காத சமயம் அது. கடைசியில் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் ஓவர்டைம் என்று கம்பெனியில் ஒப்புக்கொண்டார்கள்.

பெரியப்பா இன்னும் என்னிடம் நேராகப் பேசுவதில்லை. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் என் காதில் விழும்படி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "பெரிய படிப்புப் படிச்சுப்போட்டு ஊரூரா முடி வெட்டீட்டுத் திரியுது."

"ஆமாங்க பெரிப்பா," என்றேன். "திங்கக்கெழமையிலிருந்து மங்கலத்துல. தறி ஓட்டறவங்களுக்கு."