ராம் ஒத்துவரவில்லை

அக்கா தன் கையாலேயே ஒரு கணினியைப் பொருத்திப் பூட்டிய வருடம் நான் ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்தேன். ஜேர்மனியின் ஹம் நகரில், ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத்தில் எங்கள் வீடு. அக்காவுக்குக் கட்டடக்கலை படிக்க ஆசை. விண்ணப்பத்தோடு தானே வரைந்த வீட்டுப் படங்களையும் அனுப்ப வேண்டும். அந்த வரைதலைத் தாங்கும் கணினி வேண்டுமென்று பகுதி பகுதியாக வாங்கிச் சேர்த்து, சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்துப் பூட்டினாள். விசிறிகள் முதன்முதலாகச் சுற்றியபோது அம்மா கைதட்டினார். அப்பா பின்பக்கம் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, “காத்து நல்லா வருது” என்று சான்றிதழ் கொடுத்தார்.

மறுநாளே அது தன் குணத்தைக் காட்டத் தொடங்கியது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், அக்கா ஒரு சுவரை எழுப்பி யன்னல் வைக்கப் போகும்போது திரை நீலமாகிவிடும். வீடு போய்விடும். மறுபடி அத்திவாரத்திலிருந்து தொடங்குவாள். அனுப்ப வேண்டிய நாள் நெருங்க நெருங்க அவள் சாப்பாடும் குறைந்தது.

ஒரு பின்னேரம் அறைக்குள் இருந்து சிநேகிதியோடு தொலைபேசியில் அழுதாள். “ராம்தானடி பிரச்சினை. ரெண்டு ராமும் ஒண்டோடை ஒண்டு ஒத்துவரேல்லை. ஒண்டைக் கழட்டி விடத்தான் வேணும்போலை.”

கதவுக்கு வெளியே போய்க்கொண்டிருந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார். பிறகு குசினிக்குள் வந்து அம்மாவிடம் மெல்லிய குரலில், “பிள்ளை ஆரோ ராம் எண்டு ஒருத்தனோடை... ஒருத்தன் இல்லையாம், ரெண்டு பேராம்” என்றார். அம்மா அடுப்பை நிறுத்தினார்.

அக்கா அழைக்கப்பட்டாள். அப்பா பலமுறை தொண்டையைச் செருமிவிட்டுக் கேட்டார்: “ராம் ஆற்றை பிள்ளை? ஊரிலை எந்த இடம்?”

அக்கா ஒரு கணம் விழித்தாள். பிறகு அறைக்குள் போய், விரல் நீளத்தில் ஒரு பச்சைத் தகட்டை உள்ளங்கையில் வைத்துக் கொண்டுவந்தாள். “இதுதான் ராம். கணினியின்ரை ஞாபக சக்தி. முதல் ஒரு சோடி வாங்கினன், பிறகு வேறை ஒரு சோடி வாங்கினன். ரெண்டும் சேர்ந்து ஓட மாட்டுதாம்.”

அம்மா சிரித்த சிரிப்பில் நிலத்தில் இருந்துவிட்டார். அப்பாவுக்கு வந்த நிம்மதி அவரைப் பெரிய வள்ளலாக்கியது. அந்த வேகத்திலேயே அம்மாவிடம், “உன்ரை தம்பியைக் கூப்பிடன். அவனுக்குத்தானே உது தெரியும்” என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. அம்மாவின் தம்பி ஹனோவரில் கணினி வேலை பார்ப்பவர். முன்பொருநாள் ஒரு அலுவலகத்தில் நேரம் குறித்துத் தந்த தெர்மினுக்கு அப்பாவோடு போன இடத்தில், அதிகாரிக்கு முன்னாலேயே, “அத்தான், அது ‘டேர்’ இல்லை, ‘டீ’” என்று அப்பாவின் டொச் மொழியில் ஆண்பால் பெண்பால் பிழையைத் திருத்திவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு நத்தார்ப் பண்டிகைகள் மாமா இல்லாமலே போயிருந்தன. அப்பா மனம் மாறுவதற்குள் அம்மா தொலைபேசியை எடுத்துவிட்டார்.

சனிக்கிழமை மாமா வந்தார். அப்பாவும் அவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கணினியையே பார்த்தார்கள். மேசைக்கடியில் இருந்து மாமாவின் குரல் வந்தது: “அத்தான், இந்த டோர்ச்சை ஒருக்காப் பிடிக்கிறியளே?”

“ஓம், ஓம். இப்பிடியோ?”

“இன்னும் கொஞ்சம் இஞ்சாலை.”

இவ்வளவுதான் அன்று பேச்சு. ஆனால் ஞாபக சக்தியைச் சோதிக்கும் நிரல் ஓடி முடியப் பல மணித்தியாலம் பிடித்தது. அதுவரை நண்டுக்கறி இருந்தது. அதன் பிறகு சீட்டுக்கட்டு வந்தது. திரையில் சிவப்பு வரிகள் நிறைந்தபோது மாமா, “அடுத்த கிழமை வந்து பாக்கிறன்” என்று கடைசி ரயிலுக்கு ஓடினார்.

அந்தக் கிழமைக்குள் அக்கா தானே வழியைக் கண்டுபிடித்துவிட்டாள். கணினியை எழுப்பும்போது ஒரு விசையை அழுத்தினால் அமைப்புகளின் பக்கம் திறக்கும். அதில் ராமின் வேகத்தை, பெட்டியில் அச்சிட்டிருந்ததைவிட ஒரு படி குறைத்தாள். சோதனையில் ஒரு சிவப்பு வரியும் இல்லை. வீடு நின்றது, யன்னல் நின்றது, கூரையும் ஏறியது. நாங்கள் இருவரும் கட்டிலில் ஏறித் துள்ளியதில் கீழ்வீட்டு அம்மா தும்புத்தடியால் கூரையைத் தட்டினார்.

ஆனால் சனிக்கிழமை காலையில், படங்களையெல்லாம் பத்திரமாக வேறிடத்தில் சேமித்துவிட்டு, அக்கா அந்த வேகத்தைப் பழையபடி கூட்டிவைத்தாள்.

“ஏன் பழுதாக்கிறாய்?” என்றேன்.

“மாமா வரட்டும். நீ வாயைத் திறக்கப்படாது.”

அப்படியே பல சனிக்கிழமைகள் போயின. கிழமை நாட்களில் நல்ல பிள்ளையாக உழைத்த கணினி, மாமாவின் ரயில் வரும் நேரத்துக்கு நோயில் விழுந்தது. அப்பா டோர்ச் பிடிப்பதில் தேர்ந்துவிட்டார். சீட்டு விளையாட்டில் அவரும் மாமாவும் ஒரே பக்கம். தோற்றால் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள், வென்றால் வீடு கிடுகிடுக்கும். ஒருநாள் அப்பா வேலையிடத்துக்கு ஒரு விளக்கம் எழுதிக்கொண்டிருந்தவர், பேனையை நிறுத்தி, “தம்பி, இது டேரோ டீயோ?” என்று கேட்டார். மாமா நிமிராமல், “எனக்கும் அது எப்பவும் குழப்பம்தான் அத்தான், ‘டீ’ எண்டு போடுங்கோவன்” என்றார். அம்மா குசினிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். வெங்காயம் என்று நினைத்தேன்.

அக்காவின் படங்கள் உரிய நாளுக்கு முன்பே போய்ச் சேர்ந்தன, இடமும் கிடைத்தது. மாமா மட்டும் வந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் அந்த அமைப்புப் பக்கத்தைத் திறப்பார். ராமின் வேகம் முதல் வரியிலேயே பெரிய எழுத்தில் இருக்கும். அதைப் பார்ப்பார், அக்காவைப் பார்ப்பார், பிறகு கீழே கீழே போய், “ம்ம்... இது லேசிலை முடியிற அலுவல் இல்லை. அக்கா, இண்டைக்கு என்ன கறி?” என்று அம்மாவைக் கேட்பார்.

எனக்கு மாமாவை நினைக்கப் பெரிய கவலையாக இருந்தது. கணினியைப் பற்றி இவ்வளவு குறைவாகத் தெரிந்த ஒருவரை ஹனோவரில் எத்தனை நாளைக்கு வேலையில் வைத்திருப்பார்கள்? ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முழங்காலில் இருந்து, அவருடைய முதலாளிக்கு இந்த விஷயம் தெரியவந்துவிடக் கூடாது என்று உருக்கமாக மன்றாடினேன்.