சாரத்தின் மேல் ஸ்டானிஸ்லாஸ்

கல்யாணமாகி ஐந்து வருடமாகியும் பிலோமி தன் கணவனின் சைக்கிள் வித்தையை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

ஸ்டானிஸ்லாஸுக்குக் கொருக்குப்பேட்டை ரயில்வே யார்டில் ஃபிட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமையோ திருவிழாவோ வந்துவிட்டால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்த மைதானத்தில் கூப்பிட்டாலும் சைக்கிளோடு கிளம்பிவிடுவான். ஹேண்டில்பார் மேல் ஏறி நிற்பான். ஓடுகிற சைக்கிளில் சட்டையைக் கழற்றி மாட்டுவான். முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பின்சக்கரத்திலேயே மைதானத்தைச் சுற்றுவான். அந்த நேரமெல்லாம் பிலோமி கோயிலில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருப்பாள். அவள் துறைமுகத்துக்கு வெளியே மிளகாய்க் கிடங்கில் சாக்கு தைக்கிறவள். கோணி ஊசி விரலில் இறங்கினாலும் சத்தம் போட மாட்டாள். ஆனால் அவன் சைக்கிளைத் துடைக்க எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவாள்.

போன வருடம் தண்டையார்பேட்டையில் அவன் விழுந்து மண்டை உடைந்தது. யாரோ ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அவளுக்குச் சேதி வந்தது மறுநாள் காலையில்தான். ராத்திரி முழுக்க அவள் சோற்றை மூடி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அதனால்தான் அறுபத்தெட்டாம் வருட மாசித் திருவிழாவுக்குத் திருவொற்றியூரில் அவன் மாட்டு வண்டியைத் தாண்டப் போகிறான் என்று தெரிந்ததும் அவள் கோயிலுக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டுக் கன்னியம்மா மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ பாக்கலைன்னா மட்டும் அவரு வுழாம இருப்பாரா? வாமே. வுழுந்தாலும் தூக்கறதுக்கு வூட்டாளு ஒண்ணு வேணாம்?"

கடலோர மைதானத்தில் கூட்டம் நெரிந்தது. நடுவில் சவுக்குக் கட்டைகளை நட்டு, இரண்டு மாடி உயரத்துக்குச் சாரம் கட்டியிருந்தார்கள். அதன் உச்சியிலிருந்து பலகைகள் செங்குத்தாக இறங்கி, கீழே சட்டென்று மேல்நோக்கி வளைந்தன. வளைவுக்கு அப்பால் மாடுகள் அவிழ்த்த பாரவண்டி நின்றது. அதற்கும் அப்பால் மணலைக் கொட்டியிருந்தார்கள். கடல்காற்று அடிக்கும்போதெல்லாம் சாரம் கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்தைத் தவிர பிலோமிக்கு வேறெதுவும் காதில் விழவில்லை.

ஸ்டானிஸ்லாஸ் சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு மூங்கில் ஏணியில் ஏறினான். ஜனம் விசிலடித்தது. உச்சியில் சைக்கிளை நிறுத்தி, சீட்டில் உட்கார்ந்து, கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டான். சிலுவை போட்டான். பேண்டு அடிக்கிறவர்கள் மூச்சுப் பிடித்து முழக்கினார்கள்.

அவன் காலைப் பெடலில் வைத்தான். எடுத்தான். மறுபடியும் சிலுவை போட்டான்.

"இன்னா நைனா, மேலயே குடித்தனம் பண்ணப் போறியா?" என்று ஒருவன் கத்த, கூட்டம் சிரித்தது.

பிலோமி சிரிப்பைக் கவனிக்கவில்லை. அவன் குதிகால் நடுங்குவதை அத்தனை தூரத்திலிருந்தும் அவள் பார்த்தாள். மண்டை உடைந்த பிறகு தூக்கத்தில் அவன் கால் இப்படித்தான் வெட்டி வெட்டி இழுக்கும். அவனுக்குப் பயம் வந்துவிட்டது. அதைவிடப் பெரிய பயம் அப்போதுதான் அவளைப் பிடித்தது. இந்த மனுஷன் இறங்க மாட்டான். வெட்கத்துக்காகவே கம்பத்தை விட்டுவிடுவான்.

ஆட்டத்தை நடத்துகிற தேசப்பன் மைக்கைப் பிடித்தார். "நம்ம வீரருக்குக் கொஞ்சம் உற்சாகம் குடுங்க! எல்லாரும் சேர்ந்து பத்துலேர்ந்து எண்ணுவோம்!"

"பத்து!" என்றது மைதானம்.

பிலோமி எழுந்து ஓடினாள். கன்னியம்மா பின்னால் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை. கயிற்றைத் தாண்டி, தடுக்க வந்தவனைத் தள்ளிவிட்டு, புடவையை இழுத்துச் செருகி ஏணியில் கால் வைத்தாள். வாழ்க்கையில் அவள் மொட்டை மாடி விளிம்புக்குக்கூடப் போனவள் அல்ல. ஏணி ஆடியது. தலைக்கு மேலே சைக்கிள் சக்கரம் லேசாக முன்னால் நகர்வது பலகை இடுக்கில் தெரிந்தது. கூப்பிட்டால் திடுக்கிட்டு விட்டுவிடுவானோ என்று வாயைத் திறக்கவும் பயந்தாள். ஏணியில் ஒரு பெண்பிள்ளையைப் பார்த்ததும் எண்ணிக்கை குழறி நின்றுபோனது.

உச்சிக்கு வந்தவள் முதலில் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் பேசினாள்.

"எறங்குய்யா. வூட்டுக்குப் போலாம்."

அவன் முகம் வெளுத்திருந்தது. "நீ எங்கமே இங்க வந்த? போ. ஜனம் காறித் துப்பும்."

"துப்பட்டும். தொடச்சிக்கலாம்."

"காலு வர்ல பிலோமி. பெடல்ல வெச்சா நடுங்குது. ஏணியில எறங்கவும் வராது."

"எனக்கும்தான் நடுங்குது. நான் முன்ன எறங்கறேன். உங் கால நான் புடிச்சி ஒவ்வொரு படியா வெக்கிறேன். நீ கண்ண மூடிக்கோ."

அப்படியேதான் இறங்கினார்கள். அவள் ஒரு கையால் ஏணியைப் பிடித்து, மறு கையால் அவன் கணுக்காலைப் பிடித்துப் படியில் வைப்பாள். பிறகு தான் ஒரு படி இறங்குவாள். நடுவழியில் காற்று ஓங்கியபோது இருவரும் ஏணியோடு ஒட்டிக்கொண்டார்கள். கூச்சல் கிளம்பியது. எங்கிருந்தோ வந்த செருப்பு அவள் முதுகில் பட்டு விழுந்தது. தரையில் கால் பட்டதும் அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கன்னியம்மாதான் வந்து தூக்கி நிறுத்தினாள்.

சைக்கிள் மேலேயே நின்றது. தேசப்பன் இரண்டு நாள் கழித்து அதை ஆள் மூலம் அனுப்பி வைத்தார்.

யார்டில் ஸ்டானிஸ்லாஸுக்கு 'எறங்கு ஸ்டானி' என்று பேர் விழுந்தது. ஈஸ்டர் வரைக்கும் அவன் பிலோமியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னான்:

"அன்னிக்கி நீ வர்லைன்னா, ரெண்டு எண்ணும்போது வுட்டுருப்பேன்."

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அடுப்படிக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். ஏணியில் இருந்தபோதுகூட அவ்வளவு பயந்ததில்லை.

அதற்குப் பிறகு அவன் உயரம் ஏறவில்லை. தரையில் செய்கிற வித்தைகளை மட்டும் தொடர்ந்தான். பிலோமி ஓர் ஆட்டத்தையும் விடாமல் முன்வரிசையில் உட்கார்ந்தாள். பயம் மட்டும் குறையவே இல்லை. அவன் முன்சக்கரத்தைத் தூக்கும்போதெல்லாம் பக்கத்தில் இருக்கிற கன்னியம்மாவின் தொடையைக் கிள்ளிவிடுவாள். கடைசியில் கன்னியம்மா இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார ஆரம்பித்தாள்.