ஒட்டுப்போட்ட லாரி

முன் பாதி ஒரு லாரியுடையது, பின் பாதி இன்னொரு லாரியுடையது. இரண்டையும் நடுவில் பற்றவைத்து, மேலே பச்சை பெயின்ட் அடித்து, ஒரே வண்டி என்று சொல்லி என் அக்காள் புருஷனின் தலையில் கட்டிவிட்டார்கள். முதலில் அப்படித்தான் நினைத்தேன். அவர் தெரிந்தேதான் வாங்கினார் என்பது பிறகுதான் தெரிந்தது. இத்தனை வருஷம் கழித்து எழுத உட்கார்ந்தாலும் கோபம் ஆறவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போன மறு வருஷம். காரைக்காலைச் சுற்றி நின்ற சுங்கச்சாவடிகள் எடுபட்டதும் எல்லாருக்கும் லாரி ஆசை வந்துவிட்டது. மெட்ராஸ் பக்கம் பட்டாளத்து லாரிகள், சண்டையில் ஓடி ஓய்ந்தவை, வரிசை வரிசையாக மழையில் நின்று துருப்பிடித்துக்கொண்டிருந்தன. அவற்றை ஏலத்தில் எடுத்து, பிரித்து மாட்டி, நெல் ஏற்றவும் உப்பு ஏற்றவும் தோதாக மாற்றி விற்கலாம் என்று மச்சான் சொன்னார். நான் சண்டைக் காலத்தில் பர்மா எல்லையில் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவன். அந்த ஆறு சக்கர வண்டியில் எந்த நட்டு எங்கே இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பேச்சுக்கு மச்சான், வேலைக்கு நான் என்று திருநள்ளாறு போகும் சாலையில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டோம்.

முதல் வண்டி நன்றாக அமைந்தது. இரண்டாவதுதான் இது.

மூன்று மாதம் உழைத்தேன். இடப்பக்கம் இருந்த ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றினேன். முன்சக்கரங்களையும் எஞ்சினே சுழற்றும், பெட்ரோலைக் குடிக்கும் அமைப்பைக் கழற்றி எறிந்தேன். பட்டாளத்து இரும்புத் தொட்டியை இறக்கிவிட்டு மரத்தில் பாடி கட்ட ஆசாரியை வரச் சொல்லியிருந்தேன். தொட்டியை இறக்கிய அன்றைக்குத்தான் அடியில் ஓடும் இரண்டு நீள இரும்புச் சட்டங்களும், சேஸ் என்போமே, அவை முழுசாக வெளியே தெரிந்தன. ஒரு இடத்தில் மட்டும் பெயின்ட் தடிப்பாக இருந்தது. சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். முன்பக்கம் கணீரென்று கேட்டது. அந்த இடத்தில் கீறல் விழுந்த பானை மாதிரி கேட்டது. சுரண்டினேன். சட்டத்தைக் குறுக்கே அறுத்து வேறொன்றோடு பற்றவைத்த தழும்பு. மறுபக்கத்துச் சட்டத்திலும் அதே இடத்தில் அதே தழும்பு.

மச்சான் சாயங்காலம் வந்தார். காட்டினேன்.

"பாத்துத்தான் வாங்குனேன்" என்றார், ஏதோ மீன் வாங்கின மாதிரி. "முழு வண்டின்னா நம்மளுக்குக் கட்டுமா? மெட்ராஸ்ல ஓடுறதுல பாதி இப்புடித்தான் ஓடுது."

"எங்கிட்ட ஏன் மச்சான் சொல்லல?"

"சொன்னா நீ கைய வச்சிருக்க மாட்டே, மாப்ளே."

அது உண்மை. அதனால்தான் இன்னும் ஆத்திரம் வந்தது. அன்றைக்கே ஸ்பானரைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. என் அக்காள், நாங்கள் லாத்தா என்போம், அவளுடைய முகம் ஒரு காரணம். இன்னொரு காரணம் என் திமிர். ஒட்டின் மேல் இரண்டு பக்கமும் கனத்த இரும்புப் பட்டை வைத்து, துளை போட்டு, ரிவெட் அடித்தால் தாங்கும் என்று நினைத்தேன். பட்டாளத்தில் எத்தனை ஒடிந்த வண்டிகளை ஓட வைத்திருக்கிறேன்! பத்து நாள் கையாலேயே துளை போட்டு அடித்தேன். கனம் அளவாக இருந்தால் தாங்கியும் இருக்கும்.

நெடுங்காட்டில் அரிசி மில் வைத்திருந்த ஒரு முதலாளி வாங்க வந்தார். மரப் பாடியைச் சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்த்தார். அடியில் குனிந்து பார்க்கவே இல்லை.

"அம்பது மூட்டைக்கு மேல ஏத்தக் கூடாதுங்க" என்றேன்.

"ஏன் பாய், இவ்வளவு பெரிய வண்டி!"

"பழைய வண்டிங்க. அதான்."

பக்கத்தில் நின்ற மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டைப் பற்றி அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மச்சான் மேல் எனக்குள்ள கோபத்துக்குக் காரணம் ஊருக்கே தெரியும். என் மேல் எனக்குள்ள கோபம் இந்த ஒரு நிமிஷத்தைப் பற்றியது.

அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்தேன். கதவில் வெள்ளைப் பெயின்டால் பெரிசாக எழுதினேன்: ஐம்பது மூட்டைக்கு மேல் ஏற்றாதே. குறுவை அறுப்புக்கு வண்டி போனது. அடுத்த வாரம் கடைத்தெருவில் பார்க்கிறேன், என் எழுத்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் தாமரைப்பூ வரைந்திருந்தார்கள். மேலே மூட்டைகள் கீற்றுக் கொட்டகை உயரத்துக்கு நின்றன. அந்தத் தாமரையைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த பையைத் தரையில் அடித்தேன். வாங்கின கத்தரிக்காய் எல்லாம் சாலையில் உருண்டது.

தை மாதம், சம்பா அறுப்பு மும்முரமாக நடக்கும்போது டிரைவர் தானாகவே வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தான். மன்னார்குடிப் பக்கத்து ஆள், அதிகம் பேச மாட்டான்.

"பாய், ரெண்டு நாளா கதவு சாத்த மாட்டேங்குது. கேபின் கோணுதோ என்னமோ."

கோணியது கேபின் அல்ல. அடியில் படுத்துப் பார்த்தேன். என் பட்டைக்குப் பக்கத்தில், கீழிருந்து மேலாக, விரல் நீளத்துக்கு வெடிப்பு. விரல் நகம் உள்ளே போனது.

"எத்தன மூட்டை ஏத்துறீங்க?"

"தொண்ணூறு. சில நா நூறு. மேல லோடு ஆளுங்க வேற குந்திக்கிறாங்க."

எழுந்து பானெட்டைத் திறந்து, ரோட்டரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கைக்குள் அடங்கும் சின்னச் சாமான். அது இல்லாமல் பிளக்குக்கு மின்சாரம் போகாது, வண்டி உறுமாது. "முதலாளிய வரச் சொல்லு" என்றேன்.

வந்தார். மாட்டு வண்டியில் வந்த எரிச்சலோடு வந்தார். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன். ஒட்டு, பட்டை, வெடிப்பு. கையைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்தே காட்டினேன்.

"இது ஒடியப்போவுதுங்க. இன்னிக்கோ நாளைக்கோ."

"அறுப்பு முடியட்டும் பாய். அப்பறம் பாத்துக்கலாம்."

"மேல மனுஷங்க உக்காந்து போறாங்க."

"அவங்கள நானா உக்காரச் சொன்னேன்? ரோட்டரக் குடுங்க."

கொடுக்கவில்லை. வாய் வார்த்தை தடித்து, அவர் என்னைத் திருடன் என்றார். நான் அவரை என்ன சொன்னேன் என்பதை எழுத முடியாது. மறுநாள் நாகப்பட்டினத்திலிருந்து புது ரோட்டர் வாங்கிவந்து, என் கொட்டகையின் முன்னாலேயே மாட்டி ஓட்டிக்கொண்டு போனார்கள். நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். மச்சான் வந்து என்னைத் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தார். இழுபட்டு நின்றேன். அதையும் எழுத வேண்டும்.

மூன்றாம் நாள் முற்பகலில் ஒடிந்தது. நெடுங்காட்டிலிருந்து வரும் வழியில் ஒரு வாய்க்கால் மதகு, கொஞ்சம் மேடாக ஏறி இறங்கும். முன்சக்கரம் இறங்கும்போது நடு முறிந்து, பின் பாதி மதகின் மேலும் முன் பாதி கீழுமாக நின்றது. நான் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது வாய்க்கால் தண்ணீரெல்லாம் நெல். மூட்டைகளின் மேல் நான்கு பேர் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். மூன்று பேர் வயலில் விழுந்து தப்பினார்கள். ஒருவர் மூட்டைகளோடு சரிந்ததில், பாடிக்கும் மதகுச் சுவருக்கும் நடுவே கால் மாட்டிக்கொண்டது. கடப்பாரை வைத்து நாங்கள்தான் நெம்பி எடுத்தோம். முழங்காலுக்குக் கீழே ஒன்றும் சரியாக இல்லை. ஆஸ்பத்திரியில் முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

போலீஸில் கூப்பிட்டார்கள். அதிகாரியைக் கொம்மிசேர் என்று பிரெஞ்சுப் பேரால்தான் அப்போதும் சொல்வோம். முதலாளி, மெக்கானிக் வேலை சரியில்லை என்றார். அதை எதிர்பார்த்தேன். அடுத்து மச்சானைக் கேட்டார்கள். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "ஏலத்துல முழு வண்டியாத்தாங்க எடுத்தேன். அப்பறம் கொட்டகையில என்ன நடந்துதுன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

என் லாத்தாவின் புருஷன். என்னோடு ஒரே சகனில், ஒரே பெரிய தட்டில், கை வைத்துச் சாப்பிட்டவர்.

நான் கத்தினேன். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. "வந்து பாருங்க ஐயா! அது கரண்டு வச்சுப் பத்தவச்ச ஒட்டு. என் கொட்டகையில ராந்தல்தான் எரியுது. கம்பி எங்க தெரு வரைக்கும் வரவே இல்ல. நான் அடிச்சது ரிவெட்டு. ரெண்டையும் கண்ணால பாத்தாலே தெரியும்" என்றேன். டிரைவர் எழுந்து நின்றான். பாய் ரோட்டரைக் கழற்றியது, முதலாளியைக் குனிய வைத்துக் காட்டியது, முதலாளி சொன்னது, எல்லாவற்றையும் சொன்னான். அவனுக்கு அந்த இடத்திலேயே வேலை போனது. கொம்மிசேர் ஆள் அனுப்பி ஒட்டைப் பார்த்து எழுதச் சொன்னார். என்னை விட்டார்கள். முதலாளிக்கு ஏதோ அபராதம். அறுப்பு முடிவதற்குள் அவர் வேறு லாரி வாங்கிவிட்டார்.

நெடுங்காட்டுக்கு அந்த லோடு ஆளைப் பார்க்கப் போனேன். என் வயசுதான். கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் யார், என்ன செய்தேன், என்ன செய்யாமல் விட்டேன் என்று எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"மொதலாளிகிட்டச் சொன்னீங்க, டிரைவர்கிட்டச் சொன்னீங்க. கடைத்தெருவுல வண்டி நிக்கிறப்ப எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க மேல ஏறியிருக்க மாட்டோமே பாய்" என்றார்.

அவர் மனைவி சொம்பில் மோர் கொண்டுவந்து வைத்தாள். குடிக்க முடியவில்லை.

திரும்பி வந்தால் கொட்டகையில் அந்த லாரி கிடக்கிறது. மச்சான் முதலாளியிடமிருந்து உடைசலாக வாங்கி, இரண்டு பாதியையும் மாடு கட்டி இழுத்து வந்திருந்தார். மாயவரத்தில் ஒருவர் கேட்கிறாராம். புதுச் சட்டம் வைத்து ஒட்டி, பெயின்ட் அடித்துக் கொடுத்தால் போதுமாம்.

இரும்பறுக்கும் ரம்பத்தை எடுத்தேன். முன் பாதிச் சட்டத்தை மூன்றாகவும் பின் பாதிச் சட்டத்தை மூன்றாகவும், இனி எவனும் எதனோடும் ஒட்ட முடியாத அளவுக்கு அறுத்தேன். இரண்டு பகல் ஆனது. பிளேடு பிளேடாக ஒடிந்தது. வேலை போன டிரைவர் வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். மச்சான் முதல் நாள் கெஞ்சினார், இரண்டாம் நாள் ஏசினார், பிறகு லாத்தாவைக் கூட்டிவந்தார். லாத்தா சாலையிலேயே நின்று என்னைப் பார்த்தாள். அவரையும் பார்த்தாள்.

"அறுக்கட்டும், வாங்க" என்று சொல்லி முக்காட்டை இழுத்துவிட்டு நடந்தாள். அவர் பின்னால் போனார்.

மச்சான் தொழிலை விட்டு ஒதுங்கிக்கொண்டார், கொட்டகை என் கைக்கு வந்தது. டிரைவர் என்னோடு தங்கிவிட்டான். பழைய லாரிகளைத் தொடர்ந்து வாங்கினேன், மாற்றினேன், விற்றேன். ஒவ்வொரு வண்டியும் வெளியே போகுமுன் அதில் ஏறப்போகும் லோடு ஆட்களை வரவழைத்து, அடியில் படுக்க வைத்துக் காட்டுவேன், எது புதுசு, எது பழசு, எவ்வளவு தாங்கும் என்று. பல முதலாளிகளுக்கு அது பிடிக்கவில்லை, வேறு இடம் போனார்கள். போகட்டும் என்று விட்டேன்.

மச்சானோடு பதினோரு வருஷம் பேசவில்லை. பெருநாளைக்கு லாத்தா வீட்டுக்குப் போனால் அவர் கொல்லைப்பக்கம் போய்விடுவார். கடைசியில் படுக்கையில் கிடந்தபோது ஆள் அனுப்பினார். போய் உட்கார்ந்தேன். "மாப்ளே, அன்னைக்குப் பயந்துட்டேன்" என்றார். மருந்தை ஊற்றிக் கொடுத்தேன், வாயைத் துடைத்துவிட்டேன். மன்னித்துவிட்டேன் என்று நான் சொல்வேன் என எல்லாரும் காத்திருந்தார்கள். நெடுங்காட்டில் அந்த லோடு ஆள் அப்போதும் கட்டையை ஊன்றித்தான் நடந்துகொண்டிருந்தார். அவர் சொல்ல வேண்டியதை நான் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.